பழங்கதையும் இளங்காதலும்
(சேலத்து மறுபடைப்புகள் இரண்டனை முன்வைத்து ஓர் ஆய்வு)

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றென வைத்தெண்ணப்படும் குண்டலகேசி இன்று நமக்கு முழுமையாகக் கிடைத்திலது. நாதகுத்தனார் இயற்றிய அந்நூலினின்றும் எஞ்சியவை 19 பாடல்களே. அவையும் புறத்திரட்டு முதலிய தொகைகளாலும் உரைகளாலும் காக்கப்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை யாக்கை நிலையாமை முதலிய அறங்களை நுவல்வன. எனினும் குண்டலகேசியின் கதையை அறியாத தமிழ்மாணவர் இலர். நூல் மறைந்தும் கதை மறையவில்லை. எவ்வாறு மறையவில்லை என்று வினவுவோமாயின், பிறர் பிறர் அதனை மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தமையால் என்பதே விடையாகும். இவ்விடை எளிதெனத் தோன்றினும் அதன் விளைவு பெரிது. மறுபடைப்பு என்பது மூலத்தின் சிதைவு என்று கொள்ளும் வழக்கம் நம் ஆய்வுலகில் வேரூன்றியுள்ளது. அவ்வழக்கத்தை இறுகப் பற்றுவோமேல் குண்டலகேசியையே நாம் இழத்தல் வேண்டும்.

மேலைநாட்டில் இற்றைநாளில் இளையோர்க்கென எழுதப்பெறும் காதற் புதினங்களுட் பெருந்தொகையின பழைய தேவதைக் கதைகளின் மறுபடைப்புகளாக உள்ளன. ராபின் மெக்கின்லி 1978 இல் அழகியும் விலங்கும் பற்றிய பழங்கதையைப் புதினமாக்கினார். மரிசா மேயர் 2012 இல் வெளியிட்ட சிண்டர் என்னும் புதினத்தில் சிண்டரெல்லா பாதி மாந்தமும் பாதிப் பொறியுமாக, வருங்காலப் பீகிங்கில் வாழ்கிறாள். இவற்றைக் கண்டு புதுமை புதுமை என வியப்போர் உளர். ஆயின் இளமகளிர்க்கெனப் பழங்கதையைத் திருத்தி எழுதும் தொழில் புதியதன்று. அழகியும் விலங்கும் கதையை 1740 இல் விரிவாக எழுதியவர் வில்நெவ் அம்மையார். 1756 இல் அதனைச் சுருக்கித் தம் மாணவியர்க்கு ஏற்ற வடிவில் அமைத்தவர், இளமகளிர்க்குக் கற்பிக்கும் ஆசிரியராயிருந்த பொமோன் அம்மையார். இன்று உலகெங்கும் வழங்குவது இரண்டாமவர் செய்த சுருக்கமே. அஃதாவது, நாம் மூலமென மயங்குவதே ஒரு மறுபடைப்பு. அதுவும் இளம்பெண்களுக்கென ஒருவர் உள்நோக்கத்தோடு செய்தது. முன்பின் அறியாத, அச்சந்தரும் ஒருவனை மணக்க நேரும் பெண் அவனுள் நல்லுள்ளம் காணப் பழகுக என்னும் பாடம் அதனுள் பொதிந்துள்ளது.

தமிழகத்தில் இத்தகைய மறுபடைப்பின் வரலாற்றை எங்குக் காணலாம்? நூலகத்தில் மட்டும் தேடுவார்க்குக் கிட்டுவது சிறிதே. சேலத்துச் சமவெளியில், தாரமங்கலத்திற்கும் மேட்டூருக்கும் இடைப்பட்ட பகுதியிலுள்ள ஜலகண்டாபுரம் போன்ற நெசவூர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இவ்வூர்ப் பெயரைத் தம் பெயர்க்கு முன் தாங்கி விளங்கியவர் திராவிட இயக்க நாடகாசிரியர் ப. கண்ணன். இவ்வட்டாரம் தெருக்கூத்தும் பாவைக்கூத்தும் இன்றும் வழங்கும் நிலம். அக்கலைகளைப் போற்றுவதில் மணல்வீடு என்னும் சிற்றிதழ்க்கும் பங்குண்டு. இத்தகைய ஊர்களில் ஒரு தலைமுறையின் இளையோர் பழங்கதையைக் கேட்டது மூன்று வாயில்களால்: கூத்துக்களம், சந்தையில் விற்ற பெரிய எழுத்துக் கதைநூல், திரைப்படக் கொட்டகை. நான்காவதாகிய மாத நாவல் பின்னர் வந்தது. கற்றறிந்தோர் இந்நான்கினையும் இலக்கிய வரலாற்றின் புறக்கடையில் நிறுத்திவிட்டனர்.

புகழேந்திப்புலவர் பெயரால் வழங்கும் அல்லியரசாணி மாலையை ஈண்டு நோக்குதல் தகும். மதுரையை ஆளும் அல்லி ஆடவரை அணுகவிடாதவள்; படை நடத்துபவள். அருச்சுனன் அவளை நேர்நின்று வெல்லவில்லை. கண்ணன் துணையால் பாம்புருக் கொண்டு அவள் பள்ளியறை புகுந்து, அவள் துயிலும்போது தாலி கட்டிவிடுகிறான். இத்தாலிய நாட்டுப் பசீலே 17 ஆம் நூற்றாண்டில் எழுதிய தொகுதியிலும் துயிலும் அழகியின் கதை ஒன்றுண்டு. அதில் வேந்தன் ஒருவன் அவள் உறங்குங்காலையே அவளைக் கூடிச் செல்கிறான். பெரோ 1697 இல் இக்கதையை எழுதும்போது அக்கொடுமையை நீக்கினார். கிரிம் உடன்பிறந்தார் ஒரு முத்தத்தால் எழுப்பினர். இற்றை இளையோர் புதின ஆசிரியர்க்கோ அம்முத்தமும் இடராகிவிட்டது. உறங்குபவளின் இசைவு எங்கே என அவர் வினவுகின்றனர். ஒவ்வொரு காலமும் கதையின் எந்த இடத்தில் கூசுகிறதோ அந்த இடத்தில் கைவைக்கிறது. நம் அல்லி கதையை மீண்டும் எழுதப் புகுவார் எவராயினும் அந்தத் தாலியின்முன் நின்றே தீர்தல் வேண்டும். கூத்தில் அல்லியாக ஆடுவோர் விழித்தெழுந்தபின் காட்டும் சினம் அவையோரைச் சிலிர்ப்பிக்கும். அச்சினம் பாட்டில் எத்துணை, ஆட்டத்தில் எத்துணை என்று ஒப்புநோக்கி ஆராய்வது முதுகலை மாணவர்க்கு நல்ல பணியாகும்.

இனிக் குண்டலகேசிக்கு வருவோம். இக்கதையின் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நோக்கினாலன்றி உண்மை விளங்காது.

அடியடுக்கு தேரிகாதை. அதன்கண் 107 முதல் 111 வரையுள்ள ஐந்து பாடல்கள் பத்தா குண்டலகேசா என்னும் பிக்குணியின் வாய்மொழியாக உள்ளன. முடி களைந்து, ஓராடை உடுத்து அலைந்ததையும், குற்றமற்றதிற் குற்றங் கண்டு மயங்கியதையும், கழுகுக்குன்றில் புத்தரைக் கண்டதையும், அவர் தன்னைப் பெயர்சொல்லி வருக என்றழைத்ததையும் அவள் கூறுகிறாள். ஐந்து பாடல்களிலும் காதலன் இல்லை, கள்வன் இல்லை, மலையுச்சி இல்லை. காதலும் கொலையும் வருவன பின்னைய அடுக்குகளாகிய கதைநூல்களிலும் உரைகளிலுமே. ஆகவே நாம் குண்டலகேசி கதை என்றவுடன் நினைப்பதெல்லாம் துறவி ஒருத்தியின் பாடலுக்குப் பிற்காலத்தார் அளித்த முன்கதை எனலாம்.

அம்முன்கதை எத்தகையது? தம்மபத உரை கூறுமாறு காண்போம். இராசகிருகத்துச் செல்வ வணிகன் மகள் பதினாறு வயதினள். ஏழடுக்கு மாளிகையின் மேல்தளத்தில் பணிப்பெண் ஒருத்தியின் துணையோடு அவளைக் காவலில் வைத்துள்ளனர். அவ்வயதில் மகளிர் உள்ளம் ஆடவரை நாடித் தவிக்கும் என்று உரைகாரர் காரணமும் கூறிச் செல்கிறார். கொலைக்களத்திற்குக் கொண்டு செல்லப்படும் கள்வனை அவள் சாளரத்தினின்று காண்கிறாள். கண்டதும் காதல் கொள்கிறாள். அவனையன்றி வாழேன் எனக் கிடக்கிறாள். தந்தை கையூட்டுக் கொடுத்து அவனை மீட்டு மணமுடிக்கிறான். சில நாள் கழிந்ததும் கள்வன் அவள் அணிகலன்மேல் நாட்டம் கொள்கிறான். மலைத்தெய்வத்திற்கு நேர்ந்த கடன் எனச் சொல்லி, அணியெல்லாம் பூட்டி அவளைக் கள்வர் மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். ஆங்குத் தன் கருத்தை வெளியிடுகிறான். அவள் இறுதியாக அவனை வலம்வந்து வணங்க விடை வேண்டுகிறாள். மும்முறை வலம் வருகிறாள். பின்புறம் நின்று தள்ளிவிடுகிறாள்.

பதினாறு வயது, அடைத்த மாளிகை, சாளரக் காட்சி, தீயவன்பால் கொண்ட பெருங்காதல்: இற்றை இளையோர் காதற் புதினத்தின் உறுப்புகள் ஒன்றுவிடாமல் ஈண்டுள்ளன. முடிவு ஒன்றே வேறு.

அவ்வலம்வருதல் சற்று நின்று நோக்கத்தக்கது. கணவனை வலம்வந்து வணங்குதல் மனையறத்தின் பணிவுச் செயல். கொலைஞன் அதனை மறுக்கவில்லை. மறுக்கத் தோன்றவும் இல்லை. மனைவியின் பணிவு தனக்கு உரியதே என்ற அவன் நம்பிக்கையே அவனைக் கொன்றது. அவளிடம் வாள் இல்லை, துணைவர் இல்லை, ஓட வழியில்லை. இருந்தது சடங்கு ஒன்றே. அச்சடங்கின் வட்டப்பாதை அவன் முதுகுப்புறம் செல்லும் என்பதை அவள் கண்டாள். மலைத்தெய்வம் இதனைக் கண்டு, அறிவு ஆடவர்க்கு மட்டும் உரியதன்று என்னும் பொருள்பட அவளைப் புகழ்ந்ததாகவும் உரை கூறுகிறது.

மனைவியரைக் கொல்லும் நீலத்தாடியான் கதையைப் பெரோ 1697 இல் எழுதினார். ஆங்கு இறுதி மனைவியைக் காப்போர் அவளுடைய உடன்பிறந்த ஆடவர். அதன்மேலும் ஆசிரியர், பெண்ணின் துருவியறியும் ஆவலைக் கடியும் நீதி ஒன்றனையும் கதையின் இறுதியிற் சேர்த்தார். ஏஞ்சலா கார்ட்டர் 1979 இல் இக்கதையைத் திருப்பி எழுதியபோது உடன்பிறந்தாரை நீக்கித் தாயைக் குதிரைமேல் வரச்செய்தார். அந்நாட்டுத் திறனாய்வாளர் அதனைப் பெரும் புரட்சியென்றனர். புரட்சியே, ஐயமில்லை. ஆயினும் அங்கும் அவளைக் காப்பவர் பிறரே. தன்னைத் தானே காத்துக்கொள்ளும் தலைவியைக் காண மேலையோர் தம் நாட்டுப்பாடலுக்குத் திரும்புதல் வேண்டும். சைல்டு தொகுத்த பாடல்வரிசையில் நான்காவதாக உள்ள கதைப்பாடலின் பல வடிவங்களில், தன்னைக் கொல்ல வந்தவனை மங்கை சூழ்ச்சியால் நீரில் தள்ளிவிடுகிறாள். குண்டலகேசியின் உடன்பிறப்பு அவளே. இவர்களிடையே வரலாற்றுத் தொடர்புண்டு என்று நாம் கூற வரவில்லை. ஒத்த இடுக்கண் ஒத்த கதையைப் பிறப்பிக்கும் என்றளவில் அமைகிறோம்.

மலைநிகழ்ச்சியோடு கதை முடியவில்லை. அவள் நிகண்டர் குழுவிற் சேர்கிறாள். பறித்த முடி சுருண்டு வளர்ந்தமையால் குண்டலகேசி எனப் பெயர் பெறுகிறாள். நாவற்கிளை நட்டு ஊர்தோறும் வாதுக்கு அறைகூவுகிறாள். சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தம் புகுகிறாள். சமணர் இதனைப் பொறுத்திலர். அவர் தரப்பில் எழுந்த நீலகேசி, பழையனூர் நீலியாகிய பேய்மகளை மெய்ப்பொருள் வல்லவளாக்கி, குண்டலகேசியோடு வாதிட்டு வெல்லச் செய்தது. ஒரு நூலார் படைத்த தலைவியை மற்றொரு நூலார் கவர்ந்துவந்து தம் களத்தில் நிறுத்தும் இச்செயலை இற்றை இளையோர் செய்யின் விளையாட்டென்போம். நீலகேசி ஆசிரியர் செய்தமையால் காப்பியம் என்கிறோம். அ. சக்கரவர்த்தி நயினார் 1936 இல் உரையோடு நீலகேசியைப் பதிப்பித்த பின்னரே குண்டலகேசி பற்றிய பல செய்திகள் நமக்குத் தெளிவாயின. எதிர்நூலே மூலநூலைக் காத்தது.

இக்கதை 1950 இல் சேலத்தில் மீண்டும் பிறந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்சு நிறுவனம் டி. ஆர். சுந்தரம் தோற்றுவித்தது, அதன் முதற்படம் சதி அகல்யா 1937 இல் வெளிவந்தது. அந்நிறுவனம் தயாரித்த மந்திரிகுமாரிக்குக் கதை உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி. முன்னர் நாடகமாக அவர் எழுதியதே படமாயிற்று. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத் தொடங்கினார். சுந்தரம் நிறைவு செய்தார். வணிகன் மகள் ஈண்டு அமைச்சன் மகள் அமுதவல்லி ஆயினாள். கள்வன் இராசகுருவின் மகன் பார்த்திபன் ஆயினான். மலையுச்சியும் மும்முறை வலமும் அவ்வாறே உள்ளன.

கள்வனை இராசகுருவின் மகனாக்கியது இயக்கக் கருத்துக்கு இசைந்த மாற்றம் என்று எளிதிற் கூறிவிடலாம். பலரும் அவ்வாறே கூறுவர். ஆனால் தேரிகாதை உரையைத் திறந்து பார்ப்பார்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. ஆங்குக் கள்வனாகிய சத்துகன் அரசனுடைய புரோகிதன் மகனே. 1950 ஆம் ஆண்டின் அரசியல் மாற்றம் எனத் தோன்றுவது பல நூற்றாண்டு முற்பட்ட உரையில் முன்பே உள்ளது. கருணாநிதி அவ்வுரையை அறிந்து எடுத்தாரா, தாமே கண்டாரா என்பது ஒருபுறமிருக்க, பழங்கதை தன்னுள் மறைத்துவைத்த ஒரு கூற்றினை மறுபடைப்பு மீட்டுத் தந்தது என்பதே நமக்கு வேண்டுவது.

மாற்றங்களுள் மெய்யாகவே புதியவை இரண்டு. பழைய பத்தா கள்வனைக் கண்டாள், விரும்பினாள். அவ்விருப்பம் அவளுடையது, அதன் பிழையும் அவளுடையது, பிழையினின்று மீண்ட அறிவும் அவளுடையது. திரைக்கதையிலோ பார்த்திபன் நாடியது இளவரசி ஜீவரேகாவை. அவளுக்கு விடுத்த ஓலை தவறி அமுதவல்லியின் கையிற் சேர்கிறது. காதல் ஒரு முகவரிப் பிழையால் பிறக்கிறது. சாளரத்தினின்று நோக்கிய பெண்ணின் துணிவு இதனாற் சற்றே மங்கிவிட்டது என்பது நம் கருத்து. நல்ல குடிப்பெண் தானே தேடித் தீயவனைக் காதலித்தாள் என்பதை 1950 ஆம் ஆண்டின் அவை ஏற்காது என ஆசிரியர் கருதியிருத்தல் கூடும்.

மற்றொன்று, படைத்தலைவன் வீரமோகனும் இளவரசியுமாகிய இரண்டாம் இணை. எம். ஜி. இராமச்சந்திரன் வீரமோகனாகத் தோன்றினார். பழங்கதையில் இவ்விணைக்கு இடமேயில்லை. காதல் இனிது முடிதல் வேண்டும் என்னும் அவையின் வேட்கையை நிறைவேற்றும் பொறுப்பு இவர்கள்மேல் ஏற்றப்பட்டது. இஃது உத்தி வகையால் நயமானது. முதன்மைத் தலைவியின் கதையைத் திருமணமாக மழுக்காமல் அதன் கூர்மையோடு விட்டுவிட முடிந்தமை இதனாலேயே. ஆயினும் ஒன்று இழக்கப்பட்டது. நாவற்கிளை நட்டு நாடெங்கும் வாதிட்ட அறிவுச்செல்வி திரைக்கு வரவில்லை. மலையுச்சியில் வெளிப்பட்ட அறிவே பின்னர் வாதக்களத்தில் விளங்கியது என்னும் தொடர்ச்சி அற்றுப்போயிற்று. படத்தின் பெயர் அவள் பெயரால் அமைந்தும், வீரம் வேறொருவர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அந்நிறுவனமே 1956 இல் அலிபாபாவும் நாற்பது திருடர்களும் என்னும் படத்தை வெளியிட்டது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அஃது. பிரெஞ்சு மொழியில் கல்லாந்து வெளியிட்ட மூலத்தில் மார்ஜியானா அடிமைப்பெண். கள்வரை வெல்லும் சூழ்ச்சி முழுதும் அவளுடையது. இறுதியில் அலிபாபாவின் மகனுக்கு அவளை மணமுடிக்கின்றனர். அலிபாபா அங்கே மனைவியுடைய நடுவயதினன். சேலத்துப் படத்தில் அவன் இளைஞன். மார்ஜியானா அவன் காதலி. பானுமதி அவ்வேடம் ஏற்றார். கைம்மாறாக அளிக்கப்பட்ட திருமணம் காதலாக உயர்ந்தது. இது பெண்ணுக்கு ஏற்றமா இறக்கமா? பானுமதியின் நடிப்பிலுள்ள செம்மாப்பைக் கண்டோர் ஏற்றமென்றே சொல்வர். நாமும் மறுக்கமாட்டோம். அலிபாபா கதை அரபுப் பழஞ்சுவடிகளில் காணப்படாதது என்பதும், அன்னா தியாப் என்னும் சிரிய இளைஞர் 1709 இல் கல்லாந்துக்கு வாய்மொழியாகச் சொன்னது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன. அதற்கும் நாம் தேடும் பொருளில் மூலம் இல்லை.

இவற்றின்பின் வந்தது மாத நாவல். ராணி முத்து 1969 இல் தொடங்கியது. அதனையொத்த பல வெளியீடுகள் தொடர்ந்தன. ரமணிசந்திரன் முதலியோரின் காதற் புதினங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெண்களால் விரும்பிப் படிக்கப்பெறுகின்றன. இவற்றைப் படித்தோர் அவற்றினூடே ஓடும் கதைச்சட்டகத்தை எளிதில் அறிவர்: செல்வமும் செருக்கும் உடைய இளைஞன், வறுமையிலும் தன்மதிப்புக் குன்றாத இளம்பெண், ஐயத்தால் விளையும் பிணக்கு, பின்னர்த் தெளிவு. விலங்கினுள் அரசகுமாரனைக் காணும் பொமோன் அம்மையாரின் கதையே இது, தமிழ்க் குடும்பச் சூழலில். ஆசிரியர்கள் அக்கதையை முன்வைத்து எழுதினர் என்பதன்று. அச்சட்டகம் அத்துணை வலியது என்பதே கருத்து. புதுமைப்பித்தன் சாபவிமோசனத்தில் அகலிகையை மீண்டும் எழுதியதை நாம் வகுப்பறையில் பாராட்டுகிறோம், பாராட்டத் தகுந்ததே. ஆனால் பல்லாயிரவர் படித்த மறுபடைப்புகளை வணிகம் என்னும் ஒரு சொல்லால் ஒதுக்குகிறோம். ஒதுக்கியதன் விளைவாக, எக்கதை மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது, எக்கதை சொல்லப்படாமல் நிற்கிறது என்ற வினாவையே எழுப்பத் தவறினோம்.

அவ்வினா நம் இளமகளிரைப் பொறுத்தவரை சிறியதன்று. கடுமொழியானும் உள்ளே நல்லவன், பொறுத்திரு என்னும் கதை நூறு வடிவில் கிடைக்கிறது. இனிமொழியானும் கொல்லத் துணிவான், அவன் முகத்தை நோக்கி அறிக என்னும் கதை தமிழில் ஆயிரம் ஆண்டுக்குமேற் பழமையுடையது. ஆயினும் இளையோர் புதினத்தில் அது அருகியே காணப்படுகிறது. முன்னதைப் பொய்யென நாம் தள்ளவில்லை. இரண்டும் உலகில் உண்மையே. இரண்டனுள் ஒன்று மட்டும் செவிக்கு வந்து சேர்வது குறைபாடாகும்.

மேற்கொண்டு செய்யவேண்டிய ஆய்வுக்குக் கருவிகள் அழிந்துவருகின்றன. மாத நாவல்களின் தாள் நொய்யது. வாடகை நூல்நிலையங்கள் பல மூடப்பட்டன. பெரிய எழுத்து நூல்களின் பழம்பதிப்புகள் அரியவாயின. சென்னையில் 1994 இல் தோன்றிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய மக்கள் வெளியீடுகளையும் பேணுகிறது. ஊர்ப்புறத்தில் எஞ்சியவற்றையும் கூத்தர் கையிலுள்ள பாடற்சுவடிகளையும் பல்கலைக்கழகத் துறைகள் தேடித் தொகுத்தல் வேண்டும். குண்டலகேசியின் 19 பாடல்களைத் தேர்ந்து வைத்தோர் அறவுரைகளையே பெரிதும் போற்றினர். பதினாறு வயதுப் பெண் மலையுச்சியில் மும்முறை வலம் வந்ததை நாதகுத்தனார் எச்சொற்களாற் பாடினார் என்பதை விரித்துரைக்கும் பாடல் ஒன்றேனும் அவற்றுள் இல்லை.